எமன் நெற்றியில் மஞ்சள்

ஆமத்தூர் கோட்டைச்சாமிக்கு எமனோடு முன்பழக்கம் உண்டு. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் ஒன்பது வருசம் மருந்து கலந்தவர். பக்கத்து அறையின் கூரை பறந்த அன்றைக்கு எடுத்த ஓட்டம், சிவகாசியில் ஒரு அச்சாபீஸ் வாசலில்தான் நின்றது. அங்கேயே மெஷின்மேன் ஆகி, காலண்டர் சாமிகளை லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளி, நிம்மதியாகத் தொப்பை வைத்தார்.

2006-இல் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. கட்டுக்கு எழுபத்தெட்டுச் சீட்டு; டாரட் என்று பெயர்.

"நம்ம கிளி ஜோசியச் சீட்டுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வச்சுக்கிடுங்க" என்றார் முதலாளி சங்கரபாண்டியன். "சும்மா சீட்டாடத்தான் பொறந்துச்சாம். பெறகு எவரோ எகிப்து ரகசியம்னு கெளப்பிவிட, எல்லாரும் குறி பாக்க ஆரம்பிச்சுட்டாக."

முதல் தாள் வெளியே வந்தது. அதில் பதிமூன்றாம் சீட்டு மரணச் சீட்டு, கையில் அரிவாளோடு எலும்புக்கூடு. கோட்டைச்சாமிக்கு அது எமனேதான். முதல் தாளின் ஓரத்தில் மஞ்சள் வைத்து, சாமி படத்தின் முன்னால் வைப்பது அந்த ஆபீஸ் வழக்கம். அவர் ஓரத்தை விட்டுவிட்டு எலும்புக்கூட்டின் நடுநெற்றியில் மஞ்சளை அப்பினார். அப்புறம்தான் மெஷினை ஓட விட்டார்.

வெட்டும் பிரிவில் தங்கச்சாமி அந்தத் தாளையும் சேர்த்து வெட்டி, மேலாக இருந்த அந்தச் சீட்டுக்கட்டையே ஆர்டர்காரர்களுக்கு மாதிரியாக அனுப்பிவிட்டார். விஷயம் தெரிந்து முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"ஆர்டர் போச்சுன்னா நீரு மறுபடி மருந்து ரூமுக்குத்தான் போகணும், ஆமா!"

கோட்டைச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. பயம், வெறும் பயம். "எமனுக்குக் கல்யாணமா நடக்கு, மஞ்ச வைக்கதுக்கு?" என்று மனைவி இருளம்மாள் வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினாள்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. முதலாளி கூப்பிட்டார்.

"யோவ், அந்தப் பொட்டு அவுகளுக்குப் பிடிச்சுப்போச்சாம். ஐயாயிரம் கட்டுலயும் வேணுமாம். ஏதோ பழங்காலத்து ரகசியக் குறின்னு நெனைக்காக. கூட வைக்கிற புத்தகத்துல போடணுமாம், என்ன அர்த்தம்?"

கோட்டைச்சாமிக்குப் போன உயிர் திரும்பியது. பொய் சொல்ல அவருக்கு வராது.

"'இங்கன சீசன் நேரம்யா, எல்லாருக்கும் சோலி கெடக்கு, பெறகு வாரும்'னு எமன்ட்ட சொல்லித்தான் வச்சேன் மொதலாளி."

முதலாளி சிரிக்கவில்லை. மருந்து அறைக்குப் போய்த் திரும்பாதவர் ஒருவர் அவர் குடும்பத்திலும் உண்டு. கோட்டைச்சாமி சொன்னதை அப்படியே இங்கிலீஷில் எழுதி அனுப்பினார்.

பொட்டை மெஷினிலேயே அடித்துவிடலாம், ஒரு மணி நேர வேலை என்றார்கள். கோட்டைச்சாமி கேட்கவில்லை. மஞ்சள் கிண்ணத்தோடு உட்கார்ந்து ஐயாயிரத்தையும் கையால்தான் வைத்தார்.

"மெஷின் பொட்டு வைக்கும். 'பெறகு வாரும்'னு சொல்லுமா, மொதலாளி?"