சத்து மாத்திரை

தங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு நூற்று இருபத்தெட்டு கிலோ இருந்தால் கேலிக்குப் பஞ்சமா? "ஊர்ல தங்கத்த கிராம் கணக்குல விப்பான், நம்ம மார்க்கெட்ல மட்டும்தான் டன் கணக்குல கீது" என்று அடையாறு பக்கத்து மீன் மார்க்கெட்டில் சொல்லாத வாயில்லை. அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்கும்போதும் கையிலிருக்கும் கத்தி மட்டும் நிற்காது.

அவள் மீன் விற்பவள் அல்ல, வெட்டித் தருபவள். யாரிடம் வாங்கினாலும் சரி, வஞ்சிரமோ சங்கராவோ கடைசியில் தங்கத்தின் கட்டைக்குத்தான் வந்து சேரும். துண்டு ஒன்றுபோல் விழும். செதில் ஒன்றுகூட ஒட்டியிருக்காது. ஆனால் அவளுடைய பெருமை வஞ்சிரத்தில் இல்லை, நெத்திலியில் இருந்தது. ஒரு கிலோ நெத்திலியை முன்னால் கொட்டினால், எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து ஊர்க்கதை பேசிக்கொண்டே ஆய்ந்து முடித்துவிடுவாள். விரல்கள் தாமாகத் தலையைக் கிள்ளும், குடலை இழுக்கும், மீனைச் சட்டியில் போடும். "கொஞ்சம் பாத்துச் செய்யும்மா" என்று யாராவது புதிதாக வந்தவர் சொன்னால், "என் கைக்குக் கண்ணு கீதுபா" என்பாள்.

வீடு பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில். புருஷன் லாசர் பைபர் படகில் கடலுக்குப் போகிறவன். ஒரே மகள் அனு, தி.நகர் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை விரிக்கிற வேலை. ஒரு குறையும் சொல்ல முடியாத குடும்பம்தான், ஒரு காலத்தில் வாசலில் கிடந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிர.

அது தங்கத்தின் அம்மா முத்தம்மாவின் நாற்காலி. முத்தம்மா கூடை சுமந்து மயிலாப்பூர் தெருக்களில் மீன் விற்றவள். சர்க்கரை முற்றிப்போயிருந்த காலத்தில் காலில் கெளுத்தி முள் குத்தியது. குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும். அதன்பின் பதினோரு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் செத்தாள். தூக்கி உட்கார வைத்ததும் குளிப்பாட்டியதும் தங்கம்தான். சாவுக்கு அவள் பயந்தவளே இல்லை. கடலுக்குப் புருஷனை அனுப்புகிறவளுக்கு அந்தப் பயம் எப்போதோ விட்டுப்போயிருக்கும். அவள் பயந்ததெல்லாம் அந்த நாற்காலிக்கு. அம்மா போன மறுநாளே அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அதனால்தான் நாற்பத்தொரு வயதில் தன் உள்ளங்கால் எரிய ஆரம்பித்தபோது அவள் மறுநாளே ரத்தம் சோதிக்க ஓடினாள். சர்க்கரை முந்நூற்று நாற்பது. வேளைக்கு மூன்று மாத்திரை, போதாததற்கு இன்சுலின். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மணிமொழி எடைமெஷினையும் ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வயிற்றைச் சின்னதாக்கிக் குடலை மாற்றித் தைக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, காப்பீட்டு அட்டையிலேயே செய்துவிடலாம் என்றார்.

"சக்கரை பூடுமா மேடம்?" என்றாள் தங்கம்.

"நிறைய பேருக்குப் போயிடுது. பிரஷர், குறட்டை, முட்டி வலி எல்லாமே குறையும். இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது. ஆயுசு கூடும்மா."

"ஆயுசு கெடக்குது மேடம். காலு நிக்குமா?"

"நிக்கும்."

லாசருக்குத்தான் மனசே இல்லை. "வயித்த அறுத்துக்கினு வந்து நீ இன்னாத்த துன்னப்போற?" என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தான். தங்கம் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போய், கால் நிலைத்தால் வெள்ளியில் ஒரு கால் செய்து வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு வந்து, ஆஸ்பத்திரியில் படுத்தாள்.

ஆபரேஷன் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். டாக்டர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யாகவில்லை. இரண்டே மாதத்தில் இன்சுலினும் சர்க்கரை மாத்திரையும் நின்றன. அடுத்து பிரஷர் மாத்திரை நின்றது. ஒன்றரை வருஷத்தில் ஐம்பது கிலோவுக்கு மேல் இறங்கியது. உள்ளங்கால் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. குறட்டை நின்ற புதிதில் லாசர் தூக்கம் கெட்டுத் திரிந்தான். "சத்தத்தயே காணமேன்னு மூக்காண்ட கைய வச்சுப் பாத்தேன், ஆளு கீறாளா பூட்டாளான்னு" என்று கரையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான். மார்க்கெட்டில் சிலர் "இன்னா சீக்கு தங்கம்?" என்று கேட்டார்கள். இளைத்தால் சீக்கு என்பது நம் ஊர் வழக்கமில்லையா. அவள் அதற்கும் சிரித்தாள்.

நேர்ந்தபடி வெள்ளியில் செய்த காலை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தே போனாள். மூச்சு வாங்காமல் அத்தனை தூரம் நடந்தது கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். இரண்டு காலுக்காகவும் அழுதாள். கைகளைப் பற்றி அவள் மாதாவிடம் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க என்ன இருந்தது?

இனி வரப்போவதெல்லாம் ஒரு வார்த்தையால் வந்த வினை.

ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பும்போதே டாக்டர் மணிமொழி படித்துப் படித்துச் சொன்னார். "சர்க்கரை மாத்திரை இனிமே வேணாம். ஆனா இந்தச் சத்து மாத்திரையை மட்டும் ஆயுசுக்கும் விடக்கூடாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து சத்து ஊசி போட்டுக்கணும்." தங்கம் தலையாட்டினாள். முதல் வருஷம் ஒழுங்காகப் போட்டுக்கொள்ளவும் செய்தாள்.

சத்து மாத்திரை என்றால் குப்பத்தில் என்ன? பிள்ளை உண்டானவளுக்கு நர்ஸம்மா கொடுப்பது. சத்து ஊசி என்றால் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் தெம்புக்குப் போட்டுக்கொள்வது. வற்றிக் காய்ந்து கிடக்கிறவர்களுக்கு உரிய சமாச்சாரம் அது. மருந்து என்று சொல்லியிருந்தால் தங்கம் உயிரைக் கொடுத்தாவது விழுங்கியிருப்பாள். சத்து என்றால் அவளுக்குத் தெரிந்த சத்து ஒன்றுதான். நாற்பது வருஷமாக அவள் உடம்பில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"சத்து ஜாஸ்தியாப் போயித்தானே வயித்த வெட்னாங்க?" என்று லாசரிடம் ஒருநாள் கேட்டாள். "மறுக்கா சத்த ஏத்திக்கினா மறுக்கா ஊதிட மாட்டேன்?"

லாசர் யோசித்துப் பார்த்தான். "அதானே" என்றான்.

நியாயமான கேள்விதான். அந்த இடத்தில் நாம் இருந்தாலும் "அதானே" என்றுதான் சொல்லியிருப்போம். அப்போது கல்யாணமாகியிருந்த அனு முழுகாமல் இருந்தாள். ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு. ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரை அட்டைகளைத் தங்கம் அப்படியே மகள் கையில் கொடுத்தாள். "எனக்குக் குடுத்ததுல மிஞ்சிப்போச்சுமா, நீ போடு" என்றாள். அனுவும் நம்பி விழுங்கினாள். பெண்குழந்தை கொழுக்மொழுக்கென்று பிறந்தது. ஊசிக்குப் போவதும் தானாக நின்றது. நன்றாக இருக்கிறவள் எதற்கு ஆஸ்பத்திரிக்கு?

நாலாவது வருஷம் கால்விரல்கள் மரத்துப்போயின.

தங்கத்துக்கு உயிரே போய்விட்டது. சர்க்கரை திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தாள். மரத்துப்போன கால் என்றால் அவள் அறிந்த நோய் அது ஒன்றுதான். அவள் வீட்டுக்கு உள்ளேயே இருந்து பார்த்த நோயாயிற்றே. மருந்துக்கடை தௌசீஃபிடம் ஓடினாள். அவன் விரலில் குத்தி, மெஷினைப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தெட்டு. எனக்கே நூத்திப்பத்து, அக்கா. நீ ஜாலியாப் போ" என்றான்.

அவள் ஜாலியாகத்தான் போனாள். சர்க்கரை இல்லை, அப்புறம் என்ன? தண்ணியிலேயே நிற்கிற கால், குளிர் ஏறியிருக்கும் என்று தேங்காயெண்ணெய் தேய்த்தாள். இரண்டு மாதம் கழித்துச் செருப்பு காலைவிட்டு நழுவியது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு மார்க்கெட் வரை வந்துவிட்டாள். மறுபடி தௌசீஃபிடம் போனாள். தொண்ணூற்றைந்து. மாடிப்படி இருட்டில் தடுமாறி விழுந்தபோதும் போனாள். நூற்றிரண்டு. ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைக் கேட்டதும் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது.

அதற்குள் மரப்பு கைவிரல் நுனிகளுக்கும் வந்துவிட்டது. நெத்திலியில் தலை அப்படியே இருந்தது, உடம்பு நசுங்கியது. வாடிக்கையாக வரும் ஒரு அம்மாள் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, "என்ன தங்கம், குடலெல்லாம் அப்படியே இருக்கே" என்றாள். தங்கத்துக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அன்றிலிருந்து கையைப் பார்த்து ஆய ஆரம்பித்தாள். பேச்சு நின்றது. தலையைக் குனிந்துகொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது போல ஒவ்வொரு மீனாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளினாள். பக்கத்துக் கட்டைக்காரிகள் மூன்று கிலோ முடித்தபோது இவள் ஒன்றில் பாதியில் இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமான கூட்டம். வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் நின்ற ஆள், "அம்மா, ரத்தம்" என்றார்.

"மீனுன்னா ரத்தம் இல்லாமயா நைனா?"

"மீன் இல்லம்மா, கை!"

அவள் குனிந்து பார்த்தாள். இடது கட்டைவிரலில் பாதி ஆழத்துக்குக் கத்தி இறங்கியிருந்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை. முள் குத்தியது தெரியாமல் நடந்த அம்மாதான் அவளுக்கு ஞாபகம் வந்தாள். கட்டைவிரலை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

கட்டைவிரல் ஆறுவதற்குள் பிடிமானமில்லாமல் நடக்கவும் முடியாமல் போயிற்று. அனு வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அம்மாவை டாக்டர் மணிமொழியிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் தங்கத்தின் காலில் ஒரு கருவியை வைத்து, "அதிருதா?" என்று கேட்டார். அதிரவில்லை. கண்ணை மூடி நிற்கச் சொன்னார். தங்கம் சாய்ந்தாள், அனு பிடித்துக்கொண்டாள்.

"ஊசி கடைசியா எப்பம்மா போட்டீங்க?"

"அதாச்சு மேடம், நாலஞ்சு வருசம்."

"மாத்திரை?"

தங்கம் மகளைப் பார்த்தாள். "எனக்கு எதுக்கு மேடம் சத்து? இவதான் ஒல்லியாக் கீறா. இவளுக்குக் குடுத்துட்டேன்."

அனு வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது உடம்பு பெருக்கறதுக்கு இல்லம்மா. நரம்புக்கு. உங்க குடலை மாத்தித் தைச்சிருக்கோம், இனி நீங்க என்ன சாப்பிட்டாலும் அது தேவையான அளவு உடம்புல சேராது. வெளியிலேருந்து குடுத்தே ஆகணும். சத்துன்னு சொன்னா சுலபமாப் புரியும்னுதான் எல்லாருக்கும் அப்படியே சொல்றோம்." அவர் குரல் இறங்கிப்போனது.

"இப்பப் போட்டா வந்துடும்ல?" என்றாள் அனு.

"இதுக்கு மேல போகாது. போனதுல கொஞ்சம் திரும்பலாம். ரொம்ப நாள் விட்டுட்டீங்க."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று பத்து மாதம் ஊசி போட்டுப் பார்த்த பிறகு தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போக முடிந்தது, அவ்வளவுதான். விரல்களில் ஒன்றும் திரும்பவில்லை. ரவிக்கைக் கொக்கி போட முடியாத கையில் கத்தியை யார் கொடுப்பார்கள்? மார்க்கெட்டில் அவள் இடத்தில் வேறொருத்தி கட்டை போட்டாள்.

போன வாரம் மறுபடி பரிசோதனை. டாக்டர் மணிமொழி ரிப்போர்ட்டைப் புரட்டினார். நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கும் இருந்திருக்கும், பாவம். "சர்க்கரை நார்மல். பிரஷர் நார்மல். இதயம், கிட்னி எல்லாம் முதல் தரமா இருக்கு. ஆபரேஷன் பண்ணாம இருந்திருந்தா இது எதுவுமே இல்ல. இன்னும் முப்பது வருஷம் தாராளமா இருப்பீங்கம்மா."

"முப்பது வருசமா?" என்றாள் தங்கம். "எங்கம்மா பதினொண்ணுதான் மேடம் உக்காந்துச்சு."



வீட்டுக்கு வந்தபோது வாசலில் நீல நாற்காலி கிடந்தது. உள்ளே புழுங்குகிறதே, இவள் காற்றாட உட்காரட்டும் என்று லாசர் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்தான். அவன் அறிந்து செய்த பாவமில்லை. தங்கம் அதைப் பார்த்தபடி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா நின்னுகினு கீற? உக்காரு" என்றான்.

உட்கார்ந்தாள். குனிந்து காலைப் பார்த்தாள். இரண்டும் இருந்தன. விரல் பத்தும் இருந்தன. தரையில் ஊன்றியிருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

லாசர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து நீட்டினான். அவள் அவன் உள்ளங்கையிலிருந்து அதை எடுக்கப் பார்த்தாள். விரல்கள் மாத்திரையைத் தள்ளிக்கொண்டே போயின. ஒரு தடவை, இரண்டு தடவை. கிலோ நெத்திலியைப் பார்க்காமல் ஆய்ந்த விரல்கள். லாசர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு அவனே அதை எடுத்து, "சத்து மாத்திரைமா, தொறயேன்" என்றான்.

தங்கம் வாயைத் திறந்தாள்.