பத்தொன்பது நியூட்டன்

என் விடைத்தாளை ஒருவன் பார்த்து எழுதினான் என்று நான் நம்பியதையும், அதை வகுப்பறையில் எழுந்து நின்று சொன்னதையும் இங்கே எழுதுவது என் பெயருக்குப் பெருமை சேர்க்காது. ஆயினும், வாழ்நாள் முழுவதும் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து, பிறர் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்தவன் நான். என் பிழையை மட்டும் சுழிக்காமல் விடுவது முறையாகாது.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டின் முன்கட்டு முழுவதும் பட்டு நூல் முறுக்கும் இயந்திரங்கள். கணவரை இழந்து வந்த அத்தையும் அவர் மகனும் எங்களோடு இருந்தனர். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. என்ஜினியராக வேண்டும் என்பது அவன் ஆசை. எனக்கோ என் பேனாவில் மை குறைந்தால்கூட முதலில் அவன்மீதுதான் ஐயம் எழும்.

பதினொன்றாம் வகுப்புத் தேர்வில் ஒரு கணக்கு வந்தது. சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் சமமான நேர் மின்னூட்டங்கள். கீழே உள்ள இரண்டும் மேலே உள்ளதை ஒவ்வொன்றும் பத்து நியூட்டன் விசையோடு தள்ளுகின்றன. மொத்த விசை என்ன? விசைகளைத் திசையோடு கூட்டும் பாடம் நடந்த வாரத்தில் நாங்கள் இருவரும் அம்மை வார்த்துப் படுத்திருந்தோம். ஆகவே நானே யோசித்தேன். கூட்டினால் இருபது. ஆனால் இரண்டும் சாய்ந்தல்லவா வந்து சேர்கின்றன? சாய்வில் கொஞ்சம் வீணாகும். இருபதுக்கு ஒன்று போகட்டும். பத்தொன்பது என்று எழுதினேன். சரியான விடை பதினேழு புள்ளி மூன்று. தவறினாலும், என் சொந்த மூளையில் உதித்த வழி அது என்ற கர்வம் எனக்கு இருந்தது.

ஆசிரியர் இரண்டு தாள்களைத் தூக்கிப் பிடித்தார்.

"கிளாஸ்ல பாதி பேர் இருபதுன்னு எழுதி வெச்சிருக்கான். சரி, அவனுங்க யோசிக்கல. பத்தொம்பது எங்கேர்ந்துடா வந்துச்சு? அதுவும் ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு?"

"ஒண்ணாதான சார் அம்மை வாத்துது? அதே மாதிரி இதுவும் ஒட்டிக்கிச்சு போல," என்றது கடைசி பெஞ்சு.

வகுப்பே சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை.

"பாத்து எழுதினவன் யாருன்னு இப்பவே சொல்லணும். இல்லன்னா ரெண்டு பேருக்குமே சயின்ஸ் குரூப் கிடையாது."

நான் எழுந்தேன். "அதை யோசிச்சது நான் சார். இவன்தான் எப்பவும் என்னையே பாத்துக்கினு இருப்பான்."

அத்தை மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். என்னைப் பார்த்தான். பிறகு ஆசிரியரிடம் திரும்பி, "நான்தான் சார் பாத்து எழுதினேன்," என்றான்.

மறுநாளிலிருந்து அவன் வரலாற்றுப் பிரிவு என்று முடிவாயிற்று.

வீடு திரும்பும் வழியில் விசாரணையை நான் தொடர்ந்தேன். "நான் கையால மறைச்சிக்கினுதான எழுதினேன்? எப்படிடா பாத்த?"

"உன் சயின்ஸ் சீட்டு உனக்கு இருக்குது இல்ல? வுடுப்பா."

விடையே சொல்லாதவனை எப்படி நம்புவது? என் ஐயம் இருமடங்கானது.

அன்று மாலை நான் முன்கட்டில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அவன் நூல்கண்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். அப்பா வழக்கம்போல் வேலையாளுக்குக் குரல் கொடுத்தார்: "முறுக்குல இழை சாஞ்சி போவுது இல்ல, சுருங்கும்பா. இருபது முழத்துக்கு ஒண்ணு தள்ளி, பத்தொம்பதுன்னு கணக்குப் போடு."

பேச்சு வந்த நாள் முதல் நாங்கள் இருவரும் அந்த வீட்டில் அன்றாடம் கேட்டு வளர்ந்த வாக்கியம் அது. அத்தை மகன் கையிலிருந்த நூலை அப்படியே நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தான்.

எனக்கும் இப்போதாவது விளங்கிற்றா என்று அறியத்தான் பார்த்தான். அன்று எனக்கு அது விளங்கவில்லை. இவன் இன்னும் எதைப் பார்த்து எழுதப் போகிறானோ என்று புத்தகத்தை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.