ஜன்னலைத் திறந்து வைத்து எடுத்த ஸ்கோர்

சூடேறிய கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு வாசனை உண்டு. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் தூசி கருகினால் வருமே, அது மாதிரி. போன வாரம் ஆபீஸில் அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே நான் மனசால் எங்கள் ஊர் மரக்காணத்துக்கே போய்விட்டேன்...

எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே உப்பளம். அந்தப் பக்கத்து ஜன்னலை அம்மா எப்போதும் சாத்தியே வைத்திருப்பார். திறந்தால் உப்புக்காற்று ஃபேன், பீரோ, சைக்கிள் எல்லாவற்றையும் அரித்துவிடும். ஜன்னல் கம்பிக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவார். டிவிக்குப் பழைய புடவையில் உறை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

அந்த ஜன்னல் இருந்த அறையில்தான் என் கம்ப்யூட்டர். என் கம்ப்யூட்டர் என்று பேர்தான்... எனக்கு உட்கார இடம் கிடைத்தால்தானே!

நான் அப்போது புதுச்சேரியில் அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருஷம் ஒரு குட்டிப் படம் செய்ய வேண்டும். அதைப் பார்த்துத்தான் சென்னை ஸ்டுடியோக்காரர்கள் வேலைக்கு எடுப்பார்கள். அதற்காகவே அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) துபாயிலிருந்து, படங்களை வேகமாக வரைந்து தரும் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி, தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பினார். படம் முடியவில்லையென்றால் வேலை கிடையாது. அதற்கப்புறம் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சுதான் ஆரம்பிக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் அந்தக் கார்டை ஆண்டது என் அண்ணன் இம்ரான்.

அவனுக்கு ஒரே எதிரி, அவனுடைய உயிர்த்தோழன் குமரன் அண்ணன். மீனவர் குப்பத்துக்காரர், கல்யாண வீடியோ எடிட் செய்பவர். குயிலாப்பாளையத்தில், தன் நாட்டுக்கே திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய கார்டு அவருடையது. யாரையும் தொட விடமாட்டார். தூசி தட்டுவதற்கென்றே ஒரு பெயிண்ட் பிரஷ் வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் போட்டி. இருவரும் அவரவர் வீட்டில் கார்டின் வேகத்தை முடிந்தவரை ஏற்றிவிட்டு, வேகத்தை அளந்து மார்க் போடும் ஒரே பெஞ்ச்மார்க் புரோகிராமை ஓட்டி, ஸ்கோரைப் போனில் படம் பிடித்து அனுப்பிக்கொள்வார்கள். தோற்றவர் பரோட்டா வாங்கித் தர வேண்டும். வாரா வாரம் தோற்றது எங்கள் வீடுதான்.

வேகத்தை ஏற்றினால் கார்டு கொதிக்கும். ரொம்பக் கொதித்தால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுதான் இம்ரானின் தலைவலி. ஒரு வெள்ளிக்கிழமை அவனுக்கு என்ன தோன்றியதோ, கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினான். மேஜையை இழுத்துப் போட்டான். அம்மா சாத்தி வைத்திருந்த ஜன்னலைப் படாரென்று திறந்தான். கடல்காற்று உப்பளத்தைத் தாண்டி வந்து நேராகக் கார்டின் மேல் அடித்தது.

ஸ்கோர் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது!

நான் வாயைப் பிளந்துவிட்டேன். ஒன்பதாயிரத்திலேயே முக்கிக்கொண்டிருந்த கார்டு அது. குமரன் அண்ணன் நம்பவே இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம்பா, போட்டோல நம்பர மாத்திட்டு என்கிட்டயே உடான்ஸ் உட்றியா?"

"கண்ணு முன்னாடியே ஓட்டிக் காட்றேன், பாத்துக்க!"

ஓட்டினான். அதே ஸ்கோர். குமரன் அண்ணன் ஜன்னலையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்குப் பரோட்டா அவர் செலவு.

அதற்கப்புறம் அந்த ஜன்னல் சாத்தப்படவே இல்லை. "உங்க அத்தா வாயக் கட்டி வயித்தக் கட்டி அனுப்புச்சதுடா... சாத்துடா!" என்று அம்மா கத்துவார். "கொஞ்ச நேரம்மா" என்பான் இம்ரான். அந்தக் கொஞ்ச நேரம் மாதக்கணக்கில் ஓடியது.

கடைசியில் கெடு நெருங்கியது; திங்கட்கிழமை கல்லூரியில் படத்தைக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஸ்கிரீனில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். அப்புறம் ஒரே இருட்டு.

இம்ரான் கார்டைக் கழற்றினான். யா அல்லாஹ்... போர்டு முழுக்கப் பச்சைக் களிம்பு. ஸ்லாட்டில் சொருகும் தங்க நிறப் பற்கள் கறுத்துக் கிடந்தன. ஓரமெல்லாம் வெள்ளையாக உப்பு. 

"உன் ஸ்கோருக்கு என் வேலையவே தின்னுட்டியேடா!"

அண்ணனை நான் 'டா' போட்டது அன்றுதான் முதல் தடவை. அவன் கார்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.

விஷயம் தெரிந்து மத்தியானம் குமரன் அண்ணன் வந்தார். கையில் துண்டில் சுற்றிய பொட்டலம். துக்கம் விசாரிக்கப் பழம் வாங்கி வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். பிரித்தால்... அவருடைய கார்டு! யாரையும் தொட விடாத அதே கார்டு.

 அவர் அந்த வாரம் ஒரு கல்யாண வீடியோ முடிக்க வேண்டியிருந்தது. அதுவும் அவருடைய சொந்தத் தங்கச்சியின் கல்யாணம்.

"அண்ணே, உங்க வேல?"

"கல்யாணம்தான் ஆயிடுச்சேம்மா. மாப்ள எங்கயும் ஓடிட மாட்டாரு. நீ மொதல்ல உன் படத்த முடி."

தன் பிரஷ்ஷாலேயே ஸ்லாட்டைச் சுத்தம் செய்து கார்டைச் சொருகினார். எழுந்து போய் ஜன்னலை அவரே சாத்தினார். அதன் மேல் ஒரு போர்வையையும் தொங்கவிட்டார். பிறகு இம்ரான் பக்கம் திரும்பினார்.

"டேய், இதுல கொஞ்சம் வேகம் ஏத்துனன்னு தெரிஞ்சிது... கைய ஒடச்சிடுவேன்."

திங்கட்கிழமை படம் போய்ச் சேர்ந்தது. எனக்கு வேலை கிடைத்தது. இன்றைக்கும் அந்த வேலைதான் சோறு போடுகிறது.

போன வாரம் ஆபீஸுக்குப் புது மெஷின் வந்தது. பெஞ்ச்மார்க் ஓட்டினார்கள். நாங்கள் அன்று கொண்டாடிய பத்தாயிரம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மற்றவர்கள் பார்த்தார்கள், "ஓகே" என்றார்கள், டீ குடிக்கப் போய்விட்டார்கள். அன்று ஆயிரம் புள்ளி கூடியதற்குக் குப்பத்திலிருந்து பைக்கில் பறந்து வந்தார் ஒருத்தர்... இன்று வாயைப் பிளக்கக்கூடத் துணைக்கு ஆளில்லை.

ஸ்கோரைப் போனில் படம் பிடித்துக் குமரன் அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"ஜன்னல் தொறந்திருக்குதாம்மா?"

நிமிர்ந்து பார்த்தேன். சுற்றிலும் ஏசி, கண்ணாடிச் சுவர். திறக்கிற ஜன்னல் ஒன்றுகூட இல்லை. கண் நிறைந்துவிட்டது.

"இல்லண்ணே. சாத்திதான் இருக்குது."

"அப்ப நீதான் ஜெயிச்ச. ஊருக்கு வா, பரோட்டா என் செலவு."