பந்தியில் மூன்றாவது ஆள்

குருமூர்த்தி வீட்டை விட்டுப் போனது கல்லங்குறிச்சித் தேருக்கு மறுநாள், ஒரு வெள்ளிக்கிழமை. தேரன்று வீட்டிலேயே படுத்துக் கிடந்தவர், மறுநாள் காலையில் குளித்துவிட்டு, "இன்னிக்குக் கூட்டம் இருக்காது, சாமி பாத்துட்டு வரேன்" என்று சொல்லிக் குரும்பலூரில் பஸ் ஏறினார். மத்தியானம் வரவில்லை. இரவும் வரவில்லை. அவருடைய செல்போன் சார்ஜரில் கிடந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் புறப்படும் முன் அவர் மனைவி லீலாவதி குளியலறை அலமாரியைத் திறந்து பார்த்தார். ஷேவிங் செட் இல்லை.

"கடத்திட்டுப் போறவன் ஷேவிங் செட்டையும் எடுத்துக்கிட்டு வாடான்னா சொல்லுவான்?" என்று ஸ்டேஷனில் கேட்டாராம். அங்கிருந்த எஸ்.ஐ. சிரித்துவிட்டாராம். எட்டு வருடம் ஆகியும் அந்தச் சிரிப்பின் மேல் அவருக்குச் சந்தேகம். "அந்தாளுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு."

லீலாவதி அத்தை எங்கள் பக்கத்து வீடு, அப்பாவுக்குத் தங்கை முறை. குருமூர்த்தி மாமா போனபோது நான் நாட்டிலேயே இல்லை. பல ஊர் பார்த்துவிட்டு நான் திரும்பி வந்த அன்று, வாசலில் நின்று என் பைகளைப் பார்த்த அத்தை "எப்ப வந்த" என்று கேட்கவில்லை. "ஏன் வந்த?" என்றார். பதில் சொன்னேன். நம்பவில்லை.

அத்தைக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலை. முட்டைகளை ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் வேக வைப்பார். கேஸ் சிலிண்டர் வந்தால், கொண்டு வந்தவரைத் தராசில் தூக்கிக் காட்டச் சொல்வார். மாவு மில்லில் தனக்கு முன்னால் யார் அரிசி அரைத்தார்கள் என்று விசாரிக்காமல் தூக்கைக் கொடுக்க மாட்டார். "அந்தச் சந்தேகம் தாங்காமத்தான் மனுசன் ஓடிட்டாரு" என்று தெருவில் சொல்வார்கள். அத்தையிடம் கேட்டால் வரிசை மாறும். "அவரு போனாரு. அதுக்கப்புறந்தான் நான் எல்லாத்தையும் ஆட்டிப் பாக்க ஆரம்பிச்சேன்." எது முன்னால், எது பின்னால் என்று எனக்குத் தெரியாது.

ஒரே மகன் அறிவரசன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அம்மா தனியாக இருக்கிறாளே என்று டிஷ் டிவிக்கு ரெக்கார்டர் பாக்ஸ் ஒன்று வாங்கிப் போட்டிருந்தான். பள்ளிக்கூடம் போன நேரத்தில் ஓடும் சீரியல்களை அது தானே பதிந்து வைக்கும். சாயங்காலம் வந்து பார்க்கலாம்.

அப்படிப் பார்த்த ஒரு சீரியலில் கல்யாண வீடு. கதாநாயகி அழுதுகொண்டு நிற்க, பின்னால் பந்தி நடக்கிறது. இடமிருந்து மூன்றாவது ஆள் ரசத்தைச் சோற்றில் விட விடாமல் இலையை மறைத்து, உள்ளங்கையைக் குவித்து வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுக் கையை உதறினார். அத்தை ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்தினார். அவர்தான்.

"அத்தை, நம்ம ஜில்லாவுல பாதிப் பேரு ரசத்தக் கையில வாங்கித்தான் குடிப்பாங்க" என்றேன்.

"குடிப்பாங்க. குடிச்சிட்டு இடது பக்கம் யாரு ஒதறுவா? பக்கத்துல இருக்கறவ சேலையில தெறிக்குது பாரு. எங்கூடயும் இதே ரோதனதான்."

முகம் ஓரளவு தெரிந்தது. மாமாவைப் போலவும் இருந்தது, மாமா வயதுள்ள பலரைப் போலவும் இருந்தது.

அன்றிலிருந்து எல்லாச் சேனலிலும் எல்லாச் சீரியலையும் பதிய ஆரம்பித்தார். கதை எதுவும் அவருக்குத் தெரியாது. எந்த மருமகள் யாருக்கு விஷம் வைத்தாள் என்று கேட்டால் விழிப்பார். ஆனால் பின்னால் நிற்கும் கூட்டம் மொத்தமும் அத்துப்படி. "இந்தப் பச்ச சட்ட போன வாரம் போலீசு. அந்த ரெட்ட மூக்குத்தி அங்க நர்சு, இங்க பொண்ணுக்குப் பெரியம்மா." இப்படித் தேடித் தேடி அந்த ஆளை இன்னும் இரண்டு இடங்களில் கண்டுபிடித்தார். ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்க் தூக்கிக்கொண்டு நடக்கிறார், முதுகு மட்டும் தெரிகிறது. ரிஜிஸ்டர் ஆபீசில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், பக்கவாட்டு முகம். பக்கத்தில் ஒரு பெண். பந்தியில் ரசம் தெறித்த அதே பெண்.

"யாரு அவ?" என்று என்னைக் கேட்டார்.

"நடிக்க வந்தவங்க. உக்காருன்னா உக்காருவாங்க."

"ரெண்டு எடத்துலயும் பக்கத்துலயே உக்காருன்னு எவன் சொல்றான்?"

இதெல்லாம் வெறும் தேடலாக இருந்தவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. அறிவரசனுக்கு அரியலூரில் பெண் நிச்சயமானதும் விவகாரம் ஆனது. பெண் வீட்டார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: மாப்பிள்ளையின் அப்பா இருக்கிறாரா, இல்லையா? மாமாவின் அண்ணன் ராஜராஜன் பெரியவராக நின்று பதில் சொன்னார். ஏழு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, சட்டப்படியே இல்லாதவர்தான், பத்திரிகையில் 'தெய்வத்திரு' என்று போட்டுவிடலாம் என்றார். அப்படிப் போட்டால் மணவறையில் பெற்றோர் இடத்தில் ராஜராஜனும் அவர் மனைவியும் உட்காருவார்கள். தாலித் தட்டை அத்தை தொடக்கூடாது. நெற்றியில் குங்குமத்தோடு மகன் கல்யாணத்தில் முன்னால் நிற்கவும் கூடாது.

"உசுரோட ரசங் குடிக்கிறவருக்கு நான் எதுக்குப் பொட்ட அழிக்கணும்?" என்றார் அத்தை.

டிவி திரையைச் செல்போனில் படம் எடுத்து அறிவரசனுக்கு அனுப்பினேன். கோடு கோடாக வந்தது. "யாரா வேணா இருக்கலாம்மா. நேர்ல வந்து பாக்குறேன், அதுக்கப்புறம் பத்திரிகைய அச்சுக்குக் குடுப்போம்" என்றான். அடுத்த வாரம் லீவு போட்டிருந்தான்.

அந்த வாரம்தான் பாக்ஸ் மக்கர் செய்தது. உள்ளே கடகடவென்று சத்தம். படம் ஓடி ஓடி நின்றது. இடம் நிரம்பிவிட்டதால் பழைய பதிவுகளை அதுவாகவே அழித்துக்கொண்டும் வந்தது. அழிப்பது ராஜராஜன்தான், வீடு பூட்டியிருக்கும் நேரத்தில் அவர் வீட்டு ஆள் யாரோ வந்து போகிறார்கள் என்று அத்தை பூட்டை மாற்றினார்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அன்சார் என்பவருக்கு ரிப்பேர் கடை. லப்பைக்குடிகாட்டுக்காரர். பாக்ஸோடு போய் விவரத்தைச் சொன்னோம். புறப்படும் முன் என்னிடம் நகப்பாலிஷ் வாங்கி, பாக்ஸின் ஒவ்வொரு ஸ்குரூவிலும் அத்தை ஒரு பொட்டு வைத்திருந்தார்.

அன்சார் பாலிஷைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "அம்மா, ஹார்டு டிஸ்க் போற நெலமையில இருக்கு. உள்ள இருக்கற படத்த மட்டும் தனியா எடுத்துத் தர முடியாது, இந்த பாக்ஸுக்குன்னு பூட்டு போட்டிருப்பான். முழு டிஸ்க்கையும் அப்படியே பெரிய டிஸ்க்குல காப்பி பண்ணி, திரும்ப இதே பாக்ஸுல மாட்டலாம். பாக்ஸ் அத எடுத்துக்கிட்டா எல்லாம் வரும், புதுசாப் பதியறதுக்கும் நெறைய எடம் இருக்கும். அதுக்கு ரொம்ப நேரம் ஆவும். வுட்டுட்டுப் போங்க."

"இங்கயே உக்காந்துக்கறேன், தம்பி."

"சாயந்தரம் ஆயிரும்மா."

"எனக்கு என்ன, கலெக்டர் வேலையா?"

பழைய டிஸ்க்கைக் கழற்றினார். அதன் மேலும் அத்தை ஒரு பொட்டு வைத்தார். புதியதன் மேல் இரண்டு பொட்டு. ஒரு கருப்புப் பெட்டியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குத்திவைத்தார் அன்சார். பச்சை விளக்குகள் சிமிட்டின. அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த விளக்குகளையே பார்த்தபடி உட்கார்ந்தார். டீ வந்தது. என்னைக் குடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தான் குடிக்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அன்சார் எழுந்தார். "ஜும்மாவுக்குப் போயிட்டு வந்துர்றேன். அதத் தொடாதீங்க. ஓடிக்கிட்டு இருக்கறப்ப புடுங்குனா பழசு அதோட போயிரும்." ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் வெளியே பைக் நின்றது. ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. ராஜராஜனின் செருப்பு எது என்று அத்தைக்குத் தெரியும்.

"வந்துட்டாரு பாத்தியா? அந்தப் பையன வெளிய அனுப்பிட்டு வந்திருக்காரு."

"அத்தை, அவரு தொழுகைக்கு..."

நான் சொல்லி முடிக்கவில்லை. அத்தை இரண்டு டிஸ்க்கையும் பிடுங்கிக் கைப்பையில் போட்டு, பையை மாரோடு அணைத்துக்கொண்டார். விளக்குகள் அணைந்தன. ஷட்டர் மேலே போனது. ராஜராஜன் கையில் டிபன் கேரியர்.

"காலையிலேருந்து உக்காந்திருக்கியாம்ல. உங்க அக்கா புளிச்சோறு கட்டிக் குடுத்தா" என்றார்.

"யாரு சொன்னா மாமா, நான் இங்க இருக்கேன்னு?"

"டவுனுல யாரோ பாத்தாங்க."

"யாரு?"

அவர் கேரியரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அத்தை அதைத் திறக்கவே இல்லை. நான் திறந்தேன். புளிச்சோறுதான். ஆனாலும் 'யாரு' என்ற கேள்விக்கு ஏன் ஒரு பெயரைச் சொல்லாமல் போனார் என்று எனக்கும் தோன்றியது. அத்தையோடு நாலு நாள் சேர்ந்து திரிந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அன்சார் திரும்பி வந்து பார்த்தார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க."

"ஆளு வந்துச்சு தம்பி."

"வந்தா வரட்டும்மா. உங்க ஆளு டிஸ்க்குல இருக்காரு. டிஸ்க்கப் பையில போட்டா?"

பழையதை மறுபடி குத்தினார். இரண்டு தடவை கிளிக் கிளிக் என்றது. பிறகு அதுவும் இல்லை. பாதிக்கு மேல் காப்பியான புதியதை பாக்ஸில் மாட்டி, கடையிலிருந்த டிவியில் போட்டுக் காட்டினார். பதிவுகளின் பெயர்கள் அத்தனையும் வரிசையாக வந்தன. அத்தையின் முகம் தெளிந்தது. பந்திக் காட்சி உள்ள நாளைத் திறந்தார். கருப்பு. ரிஜிஸ்டர் ஆபீஸ். அதுவும் கருப்பு. ஆஸ்பத்திரி வராந்தா மட்டும் ஓடியது. முதுகு, பிளாஸ்க், ஏழெட்டு அடி நடை, பிறகு ஒரு கதவு.

அத்தை அன்சாரைத் திட்டவில்லை, ராஜராஜனைத் திட்டவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி, "நானே புடுங்குனேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

அறிவரசன் வந்தான். ராஜராஜனும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வராந்தாக் காட்சியைப் போட்டேன். முதுகு நடந்து போனது.

"இன்னொரு தடவ போடு கவியா" என்றான் அறிவரசன்.

போட்டேன். மறுபடி கேட்டான். நாலாவது தடவை ராஜராஜன், "முதுக வச்சி என்னத்தடா சொல்லுவ" என்றார்.

"நீங்க பாருங்க பெரியப்பா. உங்க தம்பி. இல்லன்னு சத்தியம் பண்ணிச் சொல்லுங்க."

ராஜராஜன் திரையைப் பார்த்தார். அந்த முதுகு கதவுக்குள் போகும்வரை பார்த்தார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "என்னால சத்தியமெல்லாம் பண்ண முடியாது."

"பாத்தீங்களா, இவருக்கு..." என்று அத்தை ஆரம்பித்தார்.

"ம்மா, சும்மா இரு. எனக்கும் தெரியல. அவர் மாதிரியும் இருக்கு. ஆனா இருக்காரா இல்லையான்னு தெரியாதவருக்கு நான் தெய்வத்திரு போட மாட்டேன்."

பத்திரிகையில் எல்லாப் பெயருக்கும் முன்னால் 'திரு' இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் எதுவும் இல்லை. வெறும் குருமூர்த்தி. அச்சகத்தில் விட்டுப்போய்விட்டது என்று அரியலூர்க்காரர்கள் நினைத்தார்கள். சிலர் அப்படி நினைக்கவில்லை. மண்டபத்தில் பெண்ணின் சித்தி ஒருத்தி அத்தையின் நெற்றியையும் பத்திரிகையையும் மாறி மாறிப் பார்த்தாள். அத்தை பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, தாலித் தட்டைத் தானே எடுத்துக் கொடுத்தார். பந்தி நடந்தபோது ஒவ்வொரு வரிசையாகப் போய் நின்றார். எல்லாரும் நன்றாகச் சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பதாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு, சீரியல்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் ஒருவருடைய நம்பரைத் தேடிப் பிடித்து, மாமாவின் பழைய போட்டோவை அத்தை செல்போனிலிருந்தே அனுப்பினோம். நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. "பாத்துட்டான். பாத்துட்டுச் சொல்லாம இருக்கான்" என்றார் அத்தை. புதிய டிஸ்க்கில் இடம் ஏராளம். தினமும் பதிந்தார், தினமும் பார்த்தார். அந்த ஆள் அதற்குப் பிறகு எதிலும் வரவில்லை. தான் பார்ப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அத்தையின் கணக்கு. ரசம் தெறித்த பெண் மட்டும் ஒரு தடவை வந்தாள், கோயில் கூட்டத்தில், தனியாக. அன்று அத்தை இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அந்தப் பதில் ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து வந்தது. கண்ணாடி இல்லை என்று செல்போனை என்னிடம் நீட்டினார். கண்ணாடி கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாசித்தேன்.

"அம்மா வணக்கம். லேட்டுக்கு மன்னிக்கவும், உங்க மெசேஜ் இப்பத்தான் திரும்பக் கண்ணுல பட்டுது. போட்டோல இருக்கறவரு எங்க ஆளுதான். நாங்க மூர்த்தின்னு கூப்பிடுவோம். ஆறு மாசம் முன்னாடி, பையன் கல்யாணம் ஆயிருச்சாம், ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு. வந்து சேந்தாரா?"