ஆய்வுக்கூடத்துக்குப் போன சமோசா

என் அக்கா வீட்டுக்காரர் எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் பத்தொன்பது வருஷமாகச் சமோசா போடுகிறார். நான் அங்கேயே ஸ்டோர் கீப்பர். மாமாவுக்குக் கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். தன் சமோசாவில் முந்திரி இருப்பதாக வருஷக்கணக்கில் அளந்துகொண்டிருந்தார்.

போன மாதம் நிர்வாகம் ஊட்டச்சத்து நிபுணர் ஒருவரை அமர்த்தியது. அந்த அம்மா வந்ததும் ஒரு விதி போட்டார். முந்நூறு கலோரிக்கு மேல் போகிற பலகாரம் எதுவும் கேன்டீனில் கிடையாது. எல்லாவற்றிலும் ஒன்றை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். சமோசா நின்றால் மாமாவின் வேலையும் போய்விடும், அவருக்கு வேறெதுவும் செய்ய வராது. அக்கா கலங்கிப் போய்விட்டாள்.

மாமாவோ சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவதுபோல் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். வெளியே ஒன்றை அனுப்பினால் இருப்பதிலேயே நல்லதாக அனுப்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. நெய் விட்டு மாவு பிசைந்தார். உள்ளங்கை கொள்ளாத சமோசாவுக்குள் முந்திரியும் திராட்சையும் திணித்தார். முந்திரியை எடுத்துக் கொடுத்த புண்ணியவான் நான்தான்.

அறுநூற்றுப் பத்து கலோரி என்று முடிவு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் அந்த அம்மா அதைப் படித்துவிட்டு, நாளையிலிருந்து சமோசா வேண்டாம் என்றார். மாமா கரண்டியைக் கீழே வைத்தார்.

"மேடம், அது உங்களுக்குன்னு ஸ்பெஷலா செஞ்சது. தினமும் போடறது சின்னது. வெறும் உருளைக்கிழங்கு, பட்டாணி. முந்திரிய நான் கண்ணுலகூட காட்டினதில்ல."

கேன்டீனே சிரித்தது. மாமாவின் காது சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இந்த முறை அந்த அம்மா தானே தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அனுப்பினார். இருநூற்று அறுபது வந்தது. அதிலும் பெரும்பங்கு மைதாவும் அது குடித்த எண்ணெயும்தான், பொரித்ததும் நன்றாக வடியவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சமோசாவும் பிழைத்தது, மாமாவும் பிழைத்தார்.

அந்தச் சந்தோஷத்தில் அன்று சாயங்காலம் ஆய்வுக்கூடத்துக்குச் செய்தது போலவே ஒன்றை வீட்டில் அக்காவுக்குச் செய்து கொடுத்தார். நானும் கூட இருந்தேன். அக்கா கடைசித் துணுக்குவரை சாப்பிட்டு முடித்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இவ்ளோ நல்லா செய்யத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷமா எனக்குக் கேன்டீன்ல மீந்துபோனதைக் கொண்டு வந்தீங்களா?"