முழங்கை வரை பூசிய கொசுக் களிம்பு

சென்ற ஆண்டு பருவத்தேர்வு முடிந்த வாரம், நானும் என் அறைத்தோழியும் சூளகிரியை அடுத்த ஒரு தோட்டத்தில் இரண்டு நாள் தங்கினோம். முன்பு பட்டுப்புழு வளர்த்த நீண்ட ஷெட் அது. வெள்ளையடித்து, கட்டில் போட்டு, ஒரு மூலையில் அடுப்பும் பாத்திரங்களும் வைத்து விடுதியாக்கியிருந்தார்கள். சமையல் எங்கள் பொறுப்பு. முதல் நாள் வைத்த ரசம்கூட நன்றாகவே அமைந்தது.

உரிமையாளரான அக்கா, பின்புறத்துப் புதிய ஷெட்டில் இன்னமும் புழு வளர்த்தார். சாவியைத் தரும்போது ஒரே நிபந்தனைதான் சொன்னார்: "கொசுவத்தி மட்டும் கொளுத்தாத கண்ணு. பட்டுப்பூச்சிக்கு ஆவாது." சொன்னதைச் சொன்னபடி செய்பவள் நான், கொசுவத்தியைத் தொடவில்லை. மறுநாள் காலை வெளியே அமர்ந்து படிப்பதற்காக, முழங்கை வரை கொசுக் களிம்பு பூசிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அக்கா மல்பெரிக் கிளைகளை வெட்டிக்கொண்டு வந்தார். உதவட்டுமா என்று கேட்டேன். செருப்பைக் கழற்றச் சொல்லி, கை கழுவ சோப்பு தந்தார். மணிக்கட்டு வரை கழுவினேன். கிளைகளை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டுபோய், வாசலோர அடுக்கின் ஒரு தட்டில் பரப்பினேன். கூடு கட்ட நான்கைந்து நாளே இருந்த புழுக்கள். என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். அவை இலைமேல் ஏறத் தொடங்கின. நெற்றியை முழங்கையால் துடைத்தபோதுதான் களிம்பின் மணம் எனக்கே உறைத்தது.

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சொல்லிவிட்டேன்.

"ஐயையோ! எல்லாத் தட்டுலயுமா போட்ட?"

"இதுல மட்டும்தான் அக்கா."

அவர் தம் கணவரைத் தெலுங்கில் கூவி அழைத்தார். நான் பரப்பிய கிளைகளை, ஏறிய புழுக்களோடு சேர்த்து இருவரும் வாரி வெளியே எடுத்தார்கள். சில புழுக்கள் ஏற்கெனவே விஷம் ஏறித் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. "நாலு தடவ தோலு உரிச்சு வந்ததுங்க. ஒரு மாசப் பாடு" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல்.

நாங்கள் மதியமே கிளம்பியிருக்க வேண்டும். மற்றப் புழுக்கள் தப்புமா என்று தெரிய வேண்டும், மாலைத் தீனி வரை இருக்கிறோம் என்றேன். தோழி சமைத்தது எனக்கு இறங்கவில்லை. மூன்று முறை, தோள் வரை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மாலையில் ஷெட் வாசலிலிருந்து அக்கா கையசைத்தார். மற்றத் தட்டுகளின் புழுக்கள் நறுநறுவென்று தின்றுகொண்டிருந்தன.

"எடுத்துப் போட்டதுங்கதான் போச்சு. மிச்சம் தப்பிச்சுது. நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா மொத்த ஷெட்டும் காலி" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "கொசு கடிச்சா தடிக்கும், அவ்ளோதான். ரெண்டு கடி வாங்கினா என்னா, மகாராணி?"

என் கையைப் பிடித்து முழங்கை வரை மோந்து பார்த்தார். பின்னர் ஒரு மல்பெரிக் கிளையை என்னிடம் நீட்டினார்.

ஒருவர் சொல்லும் நிபந்தனைக்குப் பின்னால் அவர் எதைக் காக்கிறார் என்பதை இப்போதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். இரண்டாம் முறையும் என்னை நம்பிக் கிளையைத் தந்தவருக்கு என்னால் செய்ய முடிந்த நன்றி அதுவே.