தலைகீழாக நட்ட செம்பருத்தி

மாடம்பாக்கத்தில் ஏரிக்குப் போகும் வழியில், வீட்டு வாசலிலேயே செடி விற்கிற தனத்தைப் பார்த்தால் யாரும் வஞ்சம் வைப்பவள் என்று சொல்லமாட்டார்கள். கறுப்புப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு பக்குவம் சொல்வாள். ஒரே ஒரு ஆளை நினைத்தால் மட்டும் அவளுக்கு வயிறு பற்றி எரியும்.

அந்த ஆள் சாம்பசிவன். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பக்கத்துக் காலனியின் சங்கச் செயலாளர். அங்கே நாய் குரைப்பதானாலும் அவரைக் கேட்டுத்தான் குரைக்க வேண்டும். அவர் தோட்டத்தையும் இன்னும் நாலு வீட்டுத் தோட்டத்தையும் ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டவள் தனம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அவர் பெருமையடித்துக்கொள்ளும் மஞ்சள் அடுக்குச் செம்பருத்தியைத் தனம் கிளை வெட்டிக் கவாத்து பண்ணினாள். அவர் மனைவி பட்டுதான், "குப்பைக்குத்தானே போகப்போறது, கொஞ்சம் குச்சி எடுத்துண்டு போயேன்" என்றாள். தனம் ஆறு குச்சியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டு கேட்டிலேயே சாம்பசிவன் மறித்தார். அந்த வாரம்தான் காலனியில் ஒரு ரோஜாத் தொட்டி களவு போயிருந்தது. வாட்ச்மேன், வாக்கிங் போகிறவர்கள், இஸ்திரிக்காரர் எல்லோரும் பார்க்கத் தனத்தின் பையை வாங்கித் தரையில் கொட்டினார். டிபன் பாக்ஸ், சீப்பு, ஆறு குச்சி.

"ஒன்பது வருஷமா ஒரு திருடியை உள்ள விட்டிருக்கேன்" என்றார்.

தனம் திரும்பிப் பட்டுவைப் பார்த்தாள். பட்டு வராந்தா கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் மற்ற நாலு வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை போனதைக்கூடத் தனம் தாங்கிக்கொண்டாள். ரேஷன் கடை வரிசையில் நின்றால்கூட, "காலனில செடி திருடுனாளே, அவதான்" என்று பின்னால் கிசுகிசுத்தார்களே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கொட்டின குச்சிகளை ஒன்று விடாமல் பொறுக்கி வந்து நட்டிருந்தாள். ஆறும் பிடித்தன. அதிலிருந்து அறுபது, அப்புறம் மற்ற செடிகள் என்று வாசலே தோட்டமாயிற்று.

போன கோடையில் மாவுப்பூச்சி விழுந்து சாம்பசிவனின் செம்பருத்தி செத்துப்போயிற்று. ஸ்கூட்டரைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்.

"என்ன தனம், சௌக்கியமா? எல்லாம் என் செடிலேர்ந்து வந்ததுதானே. ரெண்டு குச்சி குடு."

'அன்னிக்குத் தப்பா பேசிட்டேன்' என்று ஒரு வார்த்தை வருமா என்று தனம் அவர் முகத்தையே பார்த்தாள். வரவில்லை. "இன்னாத்துக்கு ரெண்டு? நாலா எடுத்துக்கோங்க சார்" என்று கத்தியை எடுத்தாள்.

குச்சி வெட்டுவதில் ஒரு முறை உண்டு. மண்ணுக்குள் போகிற அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டுவார்கள். இலையை உருவிய பிறகு அடி எது நுனி எது என்று குழம்பாமல் இருக்கத்தான் இந்த அடையாளம். தலைகீழாக நட்டால் குச்சி காய்ந்து சுள்ளியாகிவிடும். தனம் இரண்டு முனையும் ஒரே பருமனான துண்டுகளாகப் பார்த்து, நுனியைச் சாய்வாகவும் அடியை நேராகவும் வெட்டினாள்.

"சாய்வா இருக்கற பக்கம்தானே மண்ணுல? வீடியோல பாத்தேன்" என்றார் சாம்பசிவன்.

"சாருக்குத் தெரியாததா?" என்றாள் தனம்.

நாலும் காய்ந்தன. மறுபடி வந்தார், மறுபடி கொடுத்தாள். மூன்றாவது முறை அவர் வந்தபோது, அதே காலனி டீச்சர் ரமா துளசிச் செடி பார்த்துக்கொண்டிருந்தாள். ரமாவின் காதில் விழுந்தால் காலனிக்கே மைக் வைத்த மாதிரி.

"மண்ணு நல்லாத்தான் கீது, தண்ணியும் நல்லாத்தான் கீது. கைராசின்னு ஒண்ணு கீது இல்ல சார்? அது சில பேருக்கு இல்ல" என்றாள் தனம், சத்தமாகவே.

அவ்வளவுதான். முருங்கைக்கொம்பு நட்டவர்கள் அவரைக் கண்டதும் கொம்பை மறைத்துக்கொண்டு நின்றார்கள். சங்கத்தின் மரம் நடும் விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, மண்வெட்டியை ரமாவிடம் கொடுத்தார்கள். ரமா வந்து இதைச் சொன்ன அன்று தனம் இரண்டு தட்டு சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள். துளி இரக்கமும் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பட்டு தனியாக வந்தாள்.

"குச்சியைப் பிடுங்கிப் பாத்தேன் தனம். கணுல முளையெல்லாம் கீழ பாத்துண்டிருக்கு, நீதான் தலைகீழா வெட்டிக் குடுத்திருக்கே. அவர் சரியா தூங்கறதே இல்லை. தன் கையையே பாத்துண்டு உக்காந்திருக்கார். உண்மையைச் சொல்லிடப்போறேன்."

"சொல்டுங்க மாமி. அப்டியே அந்த ஆறு குச்சிய எனக்கு யாரு குட்துச்சுன்னும் சொல்டுங்க. வூட்டுக்குள்ள இல்ல, அதே கேட்டாண்ட நின்னு, நாலு பேரு காதுல வுழணும். அப்புறம் நானே வந்து நட்டுத் தர்றேன்."

பட்டு முந்தானை நுனியை முறுக்கினாள். பிறகு காலனிப் பக்கம் நடந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஸ்கூட்டர் வந்து நின்றது. "இன்னொரு நாலு குச்சி குடேன், தனம்" என்றார் சாம்பசிவன்.

தனம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பட்டு அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு செம்பருத்தியிடம் போய், இந்த முறையும் நுனியைத்தான் சாய்வாக வெட்டினாள்.